தெனாலிக்குப் போன சாந்தகுமார் அங்கிள்

சாந்தகுமார் அங்கிள் தெனாலிக்குப் போகிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சபையில் அறிவித்தபோது, எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு ஆன்ட்டி, "தெனாலி ஆந்திராலல்ல இருக்கு? என்ன, யாருக்கும் கல்யாணமா?" என்று கேட்டார். அது அலாஸ்காவில் இருக்கும் மலை, உயரம் இருபதாயிரத்து முந்நூறு அடி, மூன்று வாரம் பனியில் நடந்து ஏற வேண்டும் என்று போதகர் விளக்கினார். பிறகு அதே ஆன்ட்டி, "எதுக்கு?" என்றார். அங்கிள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது நான் டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில் அவர்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். முதுகலை முடித்து, வேலை தேடிக்கொண்டிருந்தேன். அங்கிளுக்கு ஐம்பது வயது. ஊர் நாசரேத் பக்கம். இருபத்திரண்டு வருடமாக இங்கே தொலைபேசிக் கருவிகளைச் சோதிக்கும் வேலை. ஒரு கருவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்து, மைனஸ் நாற்பது வரை இறக்கி, எந்த இடத்தில் அது உயிரை விடுகிறது என்று பார்த்து எழுதுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து லுங்கி கட்டிக்கொண்டு புல்வெட்டுவார். மலையேறுகிற ஆள் என்று அவரைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏன் போனார் என்பதை ரெபெக்கா எனக்குச் சொன்னாள். அவர்கள் மகள், பதினாறு வயது. சில வருடம் முன்பு சபைக் குடும்பங்கள் சேர்ந்து அலாஸ்காவுக்குச் சுற்றுலா போயிருக்கிறார்கள். மூன்று நாளும் மேகம் விலகவில்லை. மற்றவர்கள் உள்ளே அந்தாக்ஷரி பாடிக்கொண்டிருக்க, அங்கிள் மட்டும் வெளியே நின்றிருக்கிறார். மலை முகம் காட்டவே இல்லை. திரும்பி வந்ததும் சான்டா கிளாராவில் இருக்கும் டென்னிஸுக்கு ஃபோன் போட்டார். டென்னிஸ் அங்கிள் அவருடன் பொறியியல் படித்தவர். தனியாள், சனி ஞாயிறென்றால் கலிஃபோர்னியா மலைகளில்தான் இருப்பார்.

டெக்ஸாஸில் ஏற எங்கே மேடு இருக்கிறது? முதுகுப்பையில் இரண்டு பொன்னி அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலகக் கார் நிறுத்தத்தின் ஐந்து மாடியையும் ஏறி இறங்கினார். இடுப்பில் கயிறு கட்டி ஒரு பழைய டயரைப் பூங்காப் பாதையில் இழுத்துக்கொண்டு நடந்தார். ஒரு வெள்ளைக்காரர் காரை ஓரம் கட்டி, உங்கள் வண்டி எங்கே நின்றுவிட்டது, நான் உதவட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

சிரிக்காதவர் அவர் மனைவி கிருபாராணி ஆன்ட்டி. டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். "போறதுன்னா போங்க. அங்கருந்து என் ஃபோனுக்கு ஒண்ணும் வரப்பிடாது" என்று சொல்லிவிட்டார். ஆனாலும் மே மாதம் முழுக்க அடுப்படியில் சாம்பார் சோற்றையும் ரசச் சோற்றையும் தட்டில் பரப்பி, மெஷினில் உலர்த்தி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டினார். கருப்பட்டியை உடைத்துத் தனியாக வைத்தார்.

அதனால்தான் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. கையடக்கமான ஒரு கருவியை எடுத்துக்கொண்டு அங்கிள் என் அறை வாசலில் வந்து நின்றார். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம், ஒரு செய்திக்கு நூற்று அறுபது எழுத்து, ஆங்கில எழுத்துதான். "நீ படிச்ச புள்ள. நான் அனுப்புததை ஆன்ட்டிகிட்ட சொல்லு. தெனமும் காலைல மலைல காத்து எப்படின்னு பாத்து எனக்குச் சொல்லு. அவ்வளவுதான்" என்றார்.

படித்த பிள்ளை என்ற சொல் எனக்குப் பழக்கம். கிருஷ்ணகிரி பக்கத்தில் எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்தே தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என் கைக்கு வரும். மின்வாரிய நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, கோர்ட்டு சம்மன். நான் படித்து என்ன சொல்கிறேனோ அதுதான் அதன் பொருள். நான் சரியாகத்தான் படித்தேனா என்று பார்க்க அங்கே வேறு யாரும் இருக்கவில்லை.

ஜூன் முதல் வாரம் அங்கிளையும் டென்னிஸ் அங்கிளையும் ஒரு சின்ன விமானம் பனியாற்றின்மேல் இறக்கிவிட்டுப் போனது. முதுகில் ஒரு பை, பின்னால் இழுக்க ஒரு சறுக்குத் தட்டு. பனியில் மூடிக் கிடக்கும் வெடிப்புக்குள் ஒருவர் விழுந்தால் மற்றவர் பிடித்து நிறுத்த, இருவருக்கும் நடுவே கயிறு. முகாமுக்கு முகாம் சாமானை ஒரே தடவையில் கொண்டுபோக முடியாது. பாதியைச் சுமந்துபோய் மேலே பனியில் புதைத்து, மூங்கில் கம்பில் கொடி நட்டு அடையாளம் வைத்துவிட்டு, கீழே வந்து படுக்க வேண்டும். மறுநாள் மீதியோடு ஏற வேண்டும். ஒரே மலையை ரெண்டு தடவை ஏறுகிறோம் என்று எழுதினார். அதை நான் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது ரெபெக்கா, "தட்ஸ் ஸோ டாட்" என்றாள். ஆன்ட்டி தட்டிலிருந்து நிமிரவில்லை.

ஆனால் தினமும் கேட்பார். வேலை முடிந்து வந்து, சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி, "என்ன சொன்னாராம்?" என்பார். ஃபோனை நீட்டினால் வாங்க மாட்டார். நான் என் தமிழில் சொல்வேன். குடிக்கிற தண்ணீருக்குப் பனியை உருக்கவே தினம் மூன்று மணி நேரம் ஆகிறதாம். கூடாரத்தைச் சுற்றி ரம்பத்தால் பனிக்கட்டி அறுத்துச் சுவர் எழுப்புகிறார்களாம். அங்கே இருட்டுவதே இல்லை, கண்ணில் துணி கட்டிக்கொண்டு தூங்குகிறார்களாம். ஷூவின் உள்ளுறை, தண்ணீர்ப் புட்டி, ஈரக் காலுறை, இந்தக் கருவி எல்லாவற்றையும் தூக்கப்பைக்குள் போட்டுக்கொள்ளாவிட்டால் காலையில் கல்லாகிவிடும். அதனால் பைக்குள் ஆளுக்கு இடமில்லையாம். மலம்கூட மலையில் விடக்கூடாது, ஒரு டப்பாவில் போட்டுச் சுமக்க வேண்டுமாம். இதற்கு மட்டும் ஆன்ட்டியின் வாய் ஓரம் சிரித்தது. "வீட்டுல ஒரு நாள் குப்பை டப்பாவ வெளிய வச்சிருப்பாரா" என்றார்.

எட்டாவது நாள், Muttu novuthu, paravalla என்று வந்தது. முட்டியில் கொஞ்சம் வலியாம், பரவாயில்லையாம் என்று சொன்னேன். பத்தாவது நாள் ஒரு வளைவில் டென்னிஸ் அங்கிளின் பையிலிருந்து ரேடியோ நழுவிப் பள்ளத்துக்குள் போய்விட்டது. முகாம்களுக்குத் தினமும் வானிலை சொல்கிற அறிவிப்பு அந்த ரேடியோவில்தான் வரும். இனி நீதான் எங்களுக்கு வானிலை என்று எழுதினார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். ஐம்பது நிறுவனங்கள் பதில் போடாத ஆள் நான். என் பதிலுக்காக ஒரு மலையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை பதினேழாயிரம் அடி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதுதான் கடைசி முகாம். ஆறு நாள் சாப்பாடு கொண்டுபோயிருந்தார்கள். சனிக்கிழமை மற்றக் கூடாரங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. இவர்கள் இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று இருந்தார்கள். ஞாயிறு காற்று பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு ஆன்ட்டி முதல்முறையாக ஒரு கேள்வி அனுப்பச் சொன்னார். "முட்டு நோவு எப்படின்னு கேளு." நான் Muttu vali iruka, aunty keka sonnanga என்று தட்டி அனுப்பினேன். திங்கள் காலை பத்து மணிக்குப் பதில் வந்தது.

Vali illa. Kaathu nikkala. Weather sollu.

வலி இல்லை. காற்று நிற்கவில்லை. வானிலை சொல். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? வலி இல்லையென்றால் உச்சிக்குப் போகக் காத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கணினியில் காற்று அட்டவணையைத் திறந்தேன். செவ்வாய் காலை ஆறு மணி நேரம் காற்று அடங்கும் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு முன்னைவிடப் பெரிய புயல். சனி, ஞாயிறு நல்ல வானிலை. உச்சிக்குப் போய்வர ஆறு மணி நேரம் போதாது. நூற்று அறுபது எழுத்தில் உதவாத செய்தி எதற்கு என்று அதை விட்டுவிட்டேன். சனி நல்லா இருக்கு, உச்சிக்கு அதுதான் நாள், அதுவரை ரெஸ்ட் எடுங்க அங்கிள் என்று அனுப்பினேன். பதினொரு மணிக்கு எனக்கு ஒரு நேர்காணல் இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் இருந்தது.

ஆன்ட்டிக்கு, வலி இல்லையாம் என்று குரல்செய்தி போட்டேன். அவர் மதிய இடைவேளையிலேயே சபைக் குழுவில் போட்டுவிட்டார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று நாற்பது பதில்.

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். பதினைந்து பேர் வந்திருந்தார்கள். வெளியே நூறு டிகிரி வெயில் இறங்காமல் நின்றது. பாட்டு முடிந்து, சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் போதகர் ஆன்ட்டியைக் கூப்பிட்டார். ஆன்ட்டி எழுந்தார். முட்டு நோவோடு போன மனுஷனுக்கு ஆண்டவர் சுகம் கொடுத்தார் என்று ஆரம்பித்து, என்ன நினைத்தாரோ, என் பக்கம் கையை நீட்டினார். "ஃபோனைக் குடும்மா. அவரு சொன்னதை அப்படியே வாசிக்கேன்."

மூன்று வாரத்தில் அன்றுதான் என் ஃபோனைக் கையில் வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அவர்கள் ஊர்ப் பேச்சில், அங்கிளின் குரல் எப்படி இருக்குமோ அப்படியே வாசித்தார். "வளி இல்ல. காத்து நிக்கல..."

நின்றுவிட்டார். உதடு மட்டும் மறுபடி ஒருமுறை அசைந்தது.

"ஜோவானா, இது வலி இல்ல. வளி. எறங்குத வளி."

நான் எழுந்து பக்கத்தில் போனேன். அவர் திரையை மேலே தள்ளிப் பழைய செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பாரு, நோவுதுன்னு போட்டிருக்காரு. வலின்னு அவரு எந்தக் காலத்துல சொன்னாரு? எங்க ஊர்ல வழியத்தான் இப்படிச் சொல்லுவோம். எறங்க வழி இல்லன்னு சொல்லியிருக்காரு. திங்கக்கெழம சொல்லியிருக்காரு."

அறையில் இருந்த ஒரு அங்கிள், எல்லாரும் ழகரத்துக்கு இசட் ஹெச் போட்டால் இந்தக் குழப்பமே வராது என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்க ஆரம்பித்தார். அவர் மனைவி தொடையில் தட்டி நிறுத்தினார்.

செவ்வாய்க்கிழமை காற்று அடங்கும் என்று இருந்ததை நான் எழுதாமல் விட்டதை அடுப்படியில் வைத்து ஆன்ட்டியிடம் சொன்னேன். இட்லி அடுப்பை அணைத்துவிட்டு, "எத்தன மணி நேரம்?" என்றார். ஆறு என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

பிறகு அவரே தட்டினார். Rani pesuren. நாற்பது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. கோபம் போச்சா என்று கேட்டிருந்தார். அடுத்த செய்தியில், அடுப்பு கேஸ் ஒரு டப்பாதான் மிச்சம், சாப்பாடு அரை வயிறாக்கி இரண்டு நாளுக்கு வரும், டென்னிஸுக்கு விரலில் கொப்புளம், எனக்கு இடது கால்விரல் மரத்துக் கிடக்கிறது என்று இருந்தது. ஆன்ட்டி அதை இரண்டு தடவை படித்தார். தேய்க்காதீர்கள், மறுபடி குளிரில் நடக்க வேண்டியிருந்தால் இப்போது சூடு காட்டி உருக்காதீர்கள் என்று நர்ஸாக எழுதினார். அனுப்பியதும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

மலைக் காவல் நிலையத்துக்கு ரெபெக்காதான் பேசினாள். எங்கள் ஆங்கிலத்தைவிட அவள் ஆங்கிலம் வேகமாக வேலை செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். மூச்சு விடாமல் பேசினாள். அந்தக் கூடாரம் மேலே நிற்பது அவர்களுக்குத் தெரியும். காற்று மணிக்கு எழுபது மைல். ஹெலிகாப்டர் பறக்காது. கீழ் முகாமில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், ஆனால் இரண்டு முகாமுக்கும் நடுவே இருக்கும் குறுகல் முகட்டை இந்தக் காற்றில் யாராலும் தாண்ட முடியாது. ரெபெக்கா ஃபோனை வைத்துவிட்டு, "தே ஸெட் வெயிட்" என்றாள். "தே வேர் ரியலி நைஸ், மா." அப்புறம்தான் அழுதாள்.

வியாழக்கிழமை ஆன்ட்டி வேலைக்குப் போனார். ஆறு பேஷன்ட் காத்திருப்பார்கள் என்றார். திரும்பி வந்து வீட்டின் குளிர்சாதனத்தை நிறுத்தினார். அவரால் அந்தக் குளிரில் உட்கார முடியவில்லை. மூவரும் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து வரைபடத்தில் அங்கிளின் கருவி இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நகரவில்லை.

நான் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் காற்று எவ்வளவு, எந்தத் திசை, எது கூடும், எது குறையும் என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பினேன். ஒரே காலையில் ஏழு செய்தி. அங்கிளிடமிருந்து ஒரு வரி வந்தது. இவ்வளவு வேண்டாம்மா, பேட்டரி.

அதற்குப் பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போனது. படித்தால் எதையும் சமாளிக்கலாம் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். நானும் அதைத்தான் நம்பி இங்கே வரைக்கும் வந்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க அட்டவணை என் முன்னால் திறந்திருந்தது. எல்லா எண்ணும் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை மதியம் ரெபெக்கா மாடிப்படியில் இருந்து கத்தினாள். புள்ளி நகர்ந்திருந்தது. ஒரு விரல்கடை. பிறகு இன்னொன்று. கீழேயிருந்து காவலர்கள் ஏறி வந்து பாதி முகட்டில் அவர்களைப் பிடித்தார்கள். பதினாலாயிரம் அடி முகாமிலிருந்து ஹெலிகாப்டர். டென்னிஸ் அங்கிளின் விரல்கள் பிழைத்துக்கொண்டன. எங்கள் அங்கிளின் இடது காலில் நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் மிச்சம்.

ஆகஸ்டில் எனக்கு மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் ஒரு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின மதியம் விடைபெறக் கீழே வந்தேன். அங்கிள் சாய்வு நாற்காலியில் இருந்தார். பயிற்சிக்குச் சுமந்த அதே அரிசி மூட்டைமேல் காலை நீட்டியிருந்தார். ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"முட்டா? அது பதினேழுக்கு ஏறுன அன்னைக்கே சரியாயிட்டு" என்றார். தன் கால் பற்றிய சாட்சி உண்மையாகத்தான் இருந்தது என்று அவருக்கே ஒரு வேடிக்கை. கொஞ்சம் சிரித்தார்.

பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். அந்த வாரத்தைப் பற்றி அதுவரை அவர் வாயைத் திறந்ததில்லை. காற்றுச் சத்தத்தில் பக்கத்தில் படுத்திருந்தவர் பேசுவதே கேட்காது என்றார். ஒரு கருப்பட்டித் துண்டை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சப்பியதைச் சொன்னார். "செவ்வாக்கெழம காலைல திடீர்னு நின்னுட்டு. ஒரு சத்தம் இல்ல. டென்னிஸ் பைய மாட்டிட்டான், வாலே, எறங்கிருவோம்னான். நான்தான் தடுத்தேன். ஜோவானா சனின்னு சொல்லியிருக்கா, இன்னைக்கு நல்லா இருக்கும்னா அந்தப் புள்ள சொல்லாம இருக்குமா, பாதில மாட்டிக்கிடுவோம்னு சொன்னேன்."

ஆன்ட்டியின் கை நின்றது. நான் அடுப்படியில் சொன்னதை அவர் அங்கிளிடம் சொல்லியிருக்கவில்லை. இரண்டு மாதமாகச் சொல்லாமலே இருந்திருக்கிறார். என்னைப் பார்க்கவும் இல்லை. சொல்வதும் விடுவதும் என்னுடையது.

"எனக்குத் தெரியும் அங்கிள்" என்றேன். "அட்டவணைல இருந்துச்சு. உச்சிக்குப் போகப் போறீங்கன்னு நெனச்சேன். அதுக்குப் பத்தாதுன்னு எழுதல."

அவர் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அலுவலகத்தில் ஒரு கருவி எந்த அளவில் செத்தது என்று கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்.

"எத்தன மணி நேரம் போட்டிருந்தான்?"

"ஆறு."

மேலே பார்த்தார். மனசுக்குள் முகட்டையும் கயிறு கட்டிய சரிவையும் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். உதடு லேசாக அசைந்தது.

"பதினாலுக்கு எறங்க நாலு போதுமே" என்றார்.

ஆன்ட்டி கட்டுத்துணியின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். "அந்தக் கத்திரிய எடும்மா." நான் எடுத்துக் கொடுத்தேன்.